டேப்பின் மடித்த முனை

மார்ச் 6

ஆய்வாளர் அம்மணி அவர்களுக்கு,

நேற்று எங்கள் தொழிற்சாலைக்கு வந்துபோனீர்கள். வாசல் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, தலையில் வலைத்தொப்பியை மாட்டிக்கொண்டு, என் முன்னால் வந்து நின்று, "வணக்கம் சார், சரக்கு எங்க இருக்கு?" என்று கேட்டீர்கள். சார். ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்த அண்ணனைச் சார் என்று கூப்பிட உங்கள் கம்பெனியில் தனியாகப் பயிற்சி கொடுக்கிறார்களா?

மரியாதை இதோடு போதும். இனி நீ என்றே எழுதுகிறேன். அப்போதுதான் எனக்குத் திட்ட வரும்.

போனில் திட்டியிருக்கலாம். உன் எண்ணை அழித்து இரண்டு வருடம் ஆகிறது, அம்மாவிடம் திரும்பக் கேட்க ரோஷம் விடவில்லை. விலாசம் மட்டும் அலமாரிக் கதவில் அவள் ஒட்டிவைத்த சீட்டில் இருந்தது.

ஒன்பதாயிரத்து அறுநூறு வாத்து பொம்மை. தலையை அழுத்தினால் கத்தும், கண் மின்னும். நானூறு பெட்டி, இருபது அடுக்கு. கடல் கடந்து போகவேண்டிய சரக்கு, பன்னிரண்டாம் தேதி கப்பல். அதை அரை நாளில் 'தேறவில்லை' என்று எழுதிவிட்டுப் போய்விட்டாய். அதுகூடப் பரவாயில்லை. ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் ஒரு பெட்டி இறக்கச் சொன்னாய். ஐந்து பெட்டி இறங்கியது. ஒன்றையும் பிரிக்காமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தாய். பிறகு "இது வேண்டாம், எல்லாத்தையும் திருப்பி ஏத்துங்க" என்று சொல்லி, வேறு இருபது பெட்டியைக் காட்டினாய். நூற்று நாற்பது பேர் வேலையை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். இங்கே தரத்துக்குப் பொறுப்பு நான். என் சொந்தத் தங்கை என் கையையே சந்தேகப்பட்டாள் என்றுதான் அதற்கு அர்த்தம்.

உன் புத்தி எனக்குப் புதிதில்லை. என் மகள் பிறந்து பத்தாம் நாள் பார்க்க வந்தாய். குழந்தையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கைப்பையிலிருந்து ஸ்கேலை எடுத்து, நான் செய்த கட்டிலின் கம்பிகளுக்கு நடுவே வைத்து அளந்தாய். "தலை மாட்டிக்கும்" என்றாய். உன் அண்ணி அன்றைக்கு அழுத அழுகை எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அம்மா உனக்கு நொட்டை என்று பேர் வைத்தது சும்மா இல்லை. எதைக் கொடுத்தாலும் அதில் ஒரு நொட்டை, ஒரு நொள்ளை.

ரிப்போர்ட்டை மாற்றி எழுத உனக்கு இன்னும் நேரம் இருக்கிறது. எழுதாவிட்டால், அந்தப் பெட்டியை ஏன் திருப்பி அனுப்பினாய் என்றாவது சொல்.

அண்ணன்


மார்ச் 11

தரக் கட்டுப்பாட்டுப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

முதலில் அந்தச் சார். உன் மேனேஜர் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் எதிரில் அண்ணா என்று கூப்பிட்டிருந்தால் அதன்பிறகு நான் எழுதும் எந்த எழுத்துக்கும் மதிப்பு இருக்காது. காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்கு உங்கள் வாசலில் நின்றபடியே என் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். "இங்க என் அண்ணன் வேலை பாக்குறாரு, வேற ஆளை அனுப்புங்க" என்றேன். வழக்கமாக உங்களிடம் வருபவருக்குக் காய்ச்சல், எந்தத் தொழிற்சாலை என்று எனக்கு அன்று காலையில்தான் சொன்னார்கள். "வேற ஆள் இல்ல, நீங்களே முடிச்சிட்டு வந்துடுங்க" என்றார்கள். முடித்துவிட்டு வந்தேன்.

ரிப்போர்ட்டை மாற்றமாட்டேன். ஏன் என்று உனக்கே தெரியும், ஆனாலும் எழுதுகிறேன். வாத்தின் வயிற்றில் ஒரு மூடி, மூடிக்கு ஒரே ஒரு ஸ்க்ரூ, உள்ளே சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பேட்டரி. இடுப்பளவு உயரத்திலிருந்து பத்து முறை கீழே போடவேண்டும், மூடி திறக்கக் கூடாது. பத்து வாத்தைப் போட்டேன். நாலு திறந்துகொண்டது. முதல் வாத்திலிருந்து உருண்ட பேட்டரி உன் மேனேஜரின் ஷூவுக்கு அடியில் போய் நின்றது. அவர் அதை மேஜைக்கு அடியில் காலால் தள்ளிவிட்டுச் சிரித்தார். குழந்தை அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்தில் தொண்டை வெந்து ஓட்டையாகும். அழக்கூட வராது.

இனி நீ கேட்ட பெட்டிக்கு வருகிறேன்.

என் வழக்கம் உலகத்தில் ஓர் ஆளுக்குத்தான் தெரியும். மேல் வரிசையைத் தொடமாட்டேன், அடிவரிசையைத் தொடமாட்டேன், நடுவரிசையில் சுவரோரப் பெட்டியைத்தான் எடுப்பேன். ஏமாற்றுகிறவர்கள் மேலும் கீழும்தான் அலங்காரம் செய்வார்கள் என்று, நாம் பேசிக்கொண்டிருந்த காலத்தில், உன்னிடம் நானே பீற்றிக்கொண்டேன். சின்ன வயதில் பிஸ்கட் பாக்கெட்டிலும் நடுவிலிருந்துதான் எடுப்பேன் என்று நீ சிரித்தாய்.

முதல் பெட்டி இறங்கியது. டேப்பின் கடைசி முனை முக்கோணமாக உள்பக்கம் மடிந்திருந்தது. இரண்டாவதிலும் அப்படியே. ஐந்திலும் அப்படியே. சுற்றியிருந்த மற்ற பெட்டிகளில் மிஷின் வெட்டிய நேரான முனை. தேய்ந்த நகத்தோடு டேப்பின் முனையைத் தேடி அம்மா தவிப்பாள் என்று எட்டு வயதிலிருந்து நீ அப்படித்தான் மடிப்பாய். உன்னைத் தவிர யாரும் அப்படி மடித்து நான் பார்த்ததில்லை.

நீ நேருக்கு நேர் பொய் சொல்லி ஏமாற்றியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. என் பழக்கத்தைக் கொண்டுபோய் விற்றாய். உன்மேல் கோபம் கொஞ்சநஞ்சமில்லை. என்மேலும் கோபம்தான். இன்ன இடம் என்றில்லாமல் எடுக்கவேண்டிய பெட்டியை ஆறு வருடமாக ஒரே இடத்திலிருந்து எடுத்திருக்கிறேன். எத்தனை தொழிற்சாலையில் என்னைப் படித்து வைத்திருக்கிறார்களோ.

கட்டில் விஷயம்: இடைவெளி எட்டரை சென்டிமீட்டர் இருந்தது. ஆறரைக்கு மேல் போகக்கூடாது. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

நொட்டை


மார்ச் 16

நொட்டைக்கு,

உன் கடிதத்தை அம்மா உரக்கப் படிக்கச் சொன்னாள். படித்தேன். கேட்டுவிட்டு, "அவ சொல்றது சரியாத்தான் இருக்கும், சொல்ற விதந்தான் தப்பா இருக்கும்" என்றாள். யார் பக்கம் பேசினாள் என்று இன்னும் புரியவில்லை.

ஆமாம், நான்தான் மடித்தேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

ஆய்வுக்கு முந்தைய நாள் காலையில் உன் பெயர் எங்களுக்கு வந்தது. "இது என் தங்கச்சி சார்" என்று மேனேஜரிடம் நானே சொன்னேன். பெருமைக்குச் சொன்னேன், வேறெதற்கும் இல்லை. பேசாத தங்கையைப் பற்றியும் பெருமை வரும் போலிருக்கிறது. அவர் உடனே கதவைச் சாத்தினார். "உன் தங்கச்சி எப்படிப்பா பெட்டி எடுப்பாங்க?" என்று கேட்டார். நுணலும் தன் வாயால் கெடும். கெட்டேன்.

ஸ்க்ரூ கதையும் உனக்குத் தெரியவேண்டும். பழைய ஸ்க்ரூ தீர்ந்து புதிதாக வந்தது இரண்டு மில்லிமீட்டர் குட்டை. ஒரு சுற்றுக்கு மேல் பிளாஸ்டிக்கைப் பிடிக்காது. பிப்ரவரி இருபதாம் தேதி என் பதிவேட்டில் அதை எழுதினேன். "அந்தப் பக்கத்தைக் கிழிச்சிடு" என்றார் மேனேஜர். கிழித்தேன். பிறகு, உன் பெயர் வந்த அன்றைக்கு, நீ எடுக்கும் இடங்களில் வைப்பதற்காக, மிச்சமிருந்த நீள ஸ்க்ரூவில் இருபது பெட்டி வாத்தை மட்டும் நானே உட்கார்ந்து மாற்றினேன். நானூற்று எண்பது வாத்து. விரல் வீங்கிவிட்டது. டேப் மிஷின் அடுத்த வரிசையில் ஓடிக்கொண்டிருந்ததால் கையால் ஒட்டினேன். மடித்தது எனக்கே தெரியாது. கை தன்பாட்டுக்குச் செய்திருக்கிறது.

இப்போது விஷயம் வேறு இடத்துக்குப் போய்விட்டது. கப்பல் போய்விட்டது, அடுத்தது பத்தொன்பது நாள் கழித்து. மேனேஜர் ஒரு தாளை டைப் அடித்துக் கொடுத்திருக்கிறார். அதில் எழுதியிருப்பது இது: எனக்கும் என் தங்கைக்கும் இரண்டு வருடமாகக் குடும்பப் பகை, பேச்சுவார்த்தை இல்லை, அந்த வஞ்சத்தில்தான் சரக்கை நிராகரித்தாள். கீழே என் பெயர், கையெழுத்துக்கு இடம். அது போனால் உன் ரிப்போர்ட் ரத்தாகும், வேறு ஆய்வாளர் வருவார். கையெழுத்துப் போடாவிட்டால் வீட்டுக்குப் போகச் சொல்கிறார். மூன்று நாளாக அந்தத் தாள் என் சட்டைப் பையில் கிடக்கிறது. பகை என்பது பொய்யும் இல்லை. அதுதான் தொந்தரவு.

நீயே ஒரு வழி செய். உறவுக்காரர் வேலை பார்க்கும் இடம் என்பதால் ஒதுங்கிக்கொள்கிறேன் என்று உன் அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதிப் போடு. ரிப்போர்ட் தானாகச் செல்லாமல் போகும். உன் பேரும் கெடாது, என் வேலையும் போகாது. பாம்பும் சாகும், கம்பும் உடையாது.

கேட்பது அண்ணன். இதுவரை உன்னிடம் ஒன்றும் கேட்டதில்லை.

அண்ணன்


மார்ச் 21

அண்ணா,

முடியாது.

நீ கேட்பதற்கு முன்பே என் அலுவலகம் கேட்டது. நேற்று கூப்பிட்டு உட்காரவைத்து, உன் மேனேஜரின் புகாரைக் காட்டினார்கள். "அண்ணன் அங்க இருக்கார்னு நீங்க எங்ககிட்ட சொல்லவே இல்லையே" என்றார் என் அதிகாரி. போனில் என்னோடு பேசியதே அவர்தான். விசாரணை முடியும்வரை எந்தத் தொழிற்சாலைக்கும் நான் போகக்கூடாது, உங்கள் கம்பெனி ஆட்களோடு பேசவும் கூடாது. எழுதக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

"நீங்களா வாபஸ் வாங்கிக்கிட்டா எல்லாருக்கும் நல்லது" என்றார். அந்த எல்லாரில் வாத்தை வாங்கப்போகும் வீடுகள் இருக்கின்றனவா என்று கேட்டேன். பிறகு என் ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். மேல் ஓரத்தில் என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: 'இந்தத் தொழிற்சாலையின் தரப் பொறுப்பாளர் என் அண்ணன். அலுவலகத்துக்குப் போனில் தெரிவித்தேன், காலை 8.10. தொடரச் சொன்னார்கள்.' ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில் தொழிற்சாலைத் தரப்பில் ஒருவர் கையெழுத்துப் போடவேண்டும் அல்லவா? அந்தப் பக்கத்துக்கு அடியில் உன் மேனேஜர் அழகாகப் போட்டிருக்கிறார். படிக்காமல் போடுவார் என்று எனக்குத் தெரியும். எல்லாரும் படிக்காமல்தான் போடுவார்கள். நொட்டைக்கு நொட்டை என்று பேர் வந்தது சும்மா இல்லை.

ஆகவே என்னைக் காப்பாற்ற நீ மெனக்கெட வேண்டாம். உன் கையெழுத்தால் என் வேலை போகாது. ஆனால் ரிப்போர்ட் போகும். சொந்த அண்ணனே பகை என்று எழுதிக்கொடுத்தால் யாரும் அதைத் தொடமாட்டார்கள். வேறு ஆய்வாளர் வருவார். அவருடைய பழக்கம் என்ன என்று மேனேஜர் எப்படியாவது தெரிந்துகொள்வார். இன்னும் இருபது பெட்டிக்கு நீ ஸ்க்ரூ மாற்றுவாய். மீதி முந்நூற்று அறுபது பெட்டி அப்படியே கப்பலேறும். நீ கையெழுத்துப் போடுவது அதற்குத்தான். அதைத் தெரிந்துகொண்டு போடுவதானால் போடு.

பகை என்று எழுதியிருக்கிறார்களாம். நமக்குள் இருந்தது சண்டை. பகை இருந்திருந்தால் ஐந்து பெட்டியிலும் மடித்த முனையைப் பார்த்ததுமே உன் பெயரையும் ரிப்போர்ட்டில் எழுதியிருப்பேன். பெட்டி மாற்றி எடுத்தேன் என்று மட்டும்தான் எழுதினேன். அதுவும் தப்புதான். முதல்முறையாக என் ரிப்போர்ட்டில் ஒன்றை மறைத்திருக்கிறேன், உனக்காக.

ஒன்று கேட்க வேண்டும். தொழிற்சாலையில் எல்லாரும் பழுதென்று ஒதுக்கிய பொம்மையை வீட்டுக்கு எடுத்துப்போவார்கள். உன் வீட்டில் அந்த வாத்து இருக்கிறதா?

நொட்டை


மார்ச் 26

தங்கச்சிக்கு,

இருந்தது.

பெயிண்ட் சரியில்லாத வாத்து, பிப்ரவரிக் கடைசியில் கொண்டுவந்தேன். அதை அணைத்துக்கொண்டுதான் பாப்பா தூங்குவாள். உன் கடிதத்தைப் படித்ததும் அவள் கையிலிருந்து பிடுங்கினேன். அவள் வீறிட்டு அழ, உன் அண்ணி என்னவோ ஏதோ என்று ஓடிவந்தாள். இடுப்பளவு உயரத்தில் பிடித்துத் தரையில் போட்டேன். ஒன்று. இரண்டு. அப்பா விளையாடுகிறார் என்று நினைத்து பாப்பா அழுகையை நிறுத்திச் சிரித்தாள். மூன்று. நான்காவதில் வயிறு திறந்துகொண்டது.

பேட்டரியைக் காணவில்லை. நானும் அண்ணியும் தரையில் தவழ்ந்து தேடினோம். அம்மா பாப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தாள். முக்கால் மணி நேரம். கடைசியில் அது அந்தக் கட்டிலின் காலுக்குப் பின்னால் இருந்தது. கையில் எடுத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நான் அழுததை அம்மா பார்த்தாள்.

மறுநாள் மேனேஜரின் தாளில் கையெழுத்துப் போட்டேன். பயப்படாதே. அவர் டைப் அடித்ததற்குக் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டு, அதன் பின்பக்கத்தில் என் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். குட்டை ஸ்க்ரூ, அது வந்த தேதி, இருபது பெட்டி, யார் சொல்லி, யார் செய்தது, எல்லாம். செய்தவன் நான் என்பதையும் எழுதினேன். அவர் படித்துவிட்டு, "பதிவேட்டுல அப்படி ஒரு பக்கமே இல்லையேப்பா" என்று சிரித்தார்.

கிழித்தேன் என்றுதான் உனக்கு எழுதியிருந்தேன். எறிந்தேன் என்று எழுதவில்லை. பிப்ரவரி இருபதாம் தேதிப் பக்கம் என் சாப்பாட்டுப் பையின் அடியில் நாலாக மடிந்து கிடக்கிறது. ஏன் வைத்திருந்தேன் என்று கேட்காதே. அன்றைக்கு எனக்கே காரணம் தெரியாது.

எங்கள் நோட்டீஸ் பலகையில், சரக்கு வாங்கும் கம்பெனியின் புகார் விலாசம் ஒட்டியிருக்கிறது. நீங்கள் தணிக்கைக்கு வரும் நாளில் மட்டும் அதைத் துடைத்துவைப்பார்கள். மற்ற நாளில் அதன்மேல் விடுமுறை அறிவிப்பு தொங்கும். அறிவிப்பைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, எல்லார் கண்ணெதிரிலும் அந்த விலாசத்தை எழுதிக்கொண்டேன். பக்கத்தையும் தாளையும் படம் எடுத்து அனுப்பியாகிவிட்டது. நனைந்த பிறகு முக்காடு எதற்கு?

கட்டிலின் கம்பி இடைவெளி ஆறு சென்டிமீட்டர். நீ போன மறுவாரமே கழற்றிச் சரிசெய்துவிட்டேன். சொல்லாமல் இருந்தது என் திமிர்.

அண்ணன்


ஏப்ரல் 5

அண்ணா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் அந்த முக்கால் மணி நேரத்தைத் தாண்ட முடியாமல் நிறுத்தி நிறுத்தித்தான் படித்தேன். பாப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லையே, இருமல் எதுவும் இல்லையே? அம்மாவிடம் கேட்டு ஒரு வரி எழுது.

வாங்கும் கம்பெனியிலிருந்து நேராக இரண்டு பேர் உங்களிடம் வந்தார்கள் என்று கேள்விப்பட்டேன். யாருக்கும் சொல்லாமல், பெயர் அனுப்பாமல். நூறு வாத்தைப் போட்டார்களாம், முப்பத்தெட்டு திறந்ததாம். என் ரிப்போர்ட் செல்லும் என்றாகிவிட்டது. நானூறு பெட்டியையும் பிரித்து ஸ்க்ரூ மாற்றவேண்டும் என்று உத்தரவு.

என் அதிகாரி கூப்பிட்டு, "நீங்க சொன்னது சரிதான்" என்றார். உடனே, "ஆனா உங்களோட வேலை பாக்குறது கஷ்டம்" என்றார். அதுவும் சரிதான் என்றேன். இனி எனக்குத் தூரத்து ஊர்கள் மட்டும்தானாம், பஸ்ஸிலேயே பாதி நாள் போகும். அனுப்பட்டும். எங்கே அனுப்பினாலும் இடுப்பளவு உயரம் அதே உயரம்தான். பெட்டியை இப்போது சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுக்கிறேன். மேலா, கீழா, நடுவா என்று எனக்கே முன்கூட்டித் தெரியாது.

நான் மறைத்ததையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். மடித்த முனையைப் பார்த்தே ஆள் யார் என்று எனக்குத் தெரியும் என்று. அதற்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பத்திரமாக வைத்திருக்கிறேன்.

உன் கதி என்ன? வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களா? உண்மையைச் சொல். அண்ணி என்னை என்ன சொல்கிறாள் என்பதையும் சொல்.

நொட்டை


ஏப்ரல் 17

அன்புள்ள நொட்டைக்கு,

பாப்பா நன்றாக இருக்கிறாள். வாத்து வேண்டும் என்று இரண்டு நாள் அழுதாள், மூன்றாம் நாள் கரண்டியைக் கட்டிப்பிடித்துத் தூங்கினாள். கரண்டியின் முனை கூர்மையா என்று நான் விரலால் தடவிப் பார்த்தேன். உன் வியாதி எனக்கும் தொற்றிவிட்டது. உன் அண்ணி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அடுத்த தடவ வரும்போது மொதல்ல கொழந்தையப் பாக்கச் சொல்லுங்க. அப்புறம் எத வேணும்னாலும் அளந்துக்கட்டும்."

என்னை வீட்டுக்கு அனுப்ப முடியவில்லை. புகார் கொடுத்தவன்மேல் கைவைத்தால் ஆர்டரே ரத்து என்று வாங்குகிறவர்கள் எழுத்தில் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். அதனால் பதவியை மட்டும் பறித்தார்கள். பதினெட்டு வருடம் கழித்துப் பழையபடி பேக்கிங் வரிசையில் நிற்கிறேன், கையில் டேப் சுருளோடு. செய்த தப்புக்கு இது அதிகம் இல்லை என்று எனக்குத் தெரியும். மேனேஜர் இன்னும் மேனேஜர்தான். அது எனக்கு வயிற்றெரிச்சல்தான், மறைக்கமாட்டேன்.

ஸ்க்ரூ மாற்றும் வேலை போன வாரம் தொடங்கியது. மற்றவர்கள் மாற்றி அடுக்குகிறார்கள், நான் ஒட்டி அனுப்புகிறேன். மிஷின் சும்மா நிற்கிறது. எனக்குத் தண்டனை என்று மேனேஜர் கையாலேயே ஒட்டச் சொல்லியிருக்கிறார். ஒட்டும் முன்னால் ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஒரு வாத்தை எடுத்து இடுப்பளவு உயரத்திலிருந்து பத்து முறை போடுகிறேன். யாரும் சொல்லவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை. முதல் நாள் வேடிக்கை பார்த்தவர்கள் இரண்டாம் நாள் சேர்ந்து எண்ண ஆரம்பித்தார்கள். இப்போது மொத்த வரிசையும் உரக்க எண்ணுகிறது, "ஒம்போது, பத்து" என்று. மேனேஜர் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறார்.

நேற்று அவர் வெளியே வந்து அடுக்கைச் சுற்றிப் பார்த்தார். ஒரு பெட்டியின் டேப்பைத் தடவினார், அடுத்ததைத் தடவினார், மேல்வரிசை, அடிவரிசை, சுவரோரம் எல்லாம் பார்த்தார். எல்லாவற்றிலும் முனை முக்கோணமாக மடிந்திருந்தது. அதுவரை ஒட்டிய அத்தனையிலும், ஒன்றுவிடாமல்.

"அன்னைக்கும் உன் தங்கச்சிக்குத் தெரியணும்னு வேணும்னேதான மடிச்ச?" என்று கேட்டார்.

"அன்னைக்குத் தெரியாம மடிச்சேன் சார்," என்றேன். "இன்னைக்குத் தெரிஞ்சேதான் மடிக்கிறேன். யார் வேணும்னாலும் வரட்டும், எதை வேணும்னாலும் எடுக்கட்டும்."

பிறகு குனிந்து அடுத்த பெட்டியை ஒட்டினேன்.

அண்ணன்